முகப்பில் ஒரு வளைவு, காதில் ஒரு வளைவு

1970களின் பிற்பாதியில் வந்த பத்து பேண்ட் கிராஃபிக் ஈக்வலைசர் ஒன்றைப் பார்த்ததும் கண் முதலில் போய் நிற்கிற இடம் அதன் ஸ்லைடர் வரிசை. இடது சேனலுக்குப் பத்து, வலது சேனலுக்குப் பத்து. ஒவ்வொன்றும் தனக்கென்று வெட்டிய காடியில் மேலும் கீழும் ஓடும். நடுவுக்கு வரும்போது விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாக ஒரு பிடி விழும். அந்த இடம் பூஜ்யம். மேலே தள்ளினால் 12 டெசிபல் வரை ஏற்றம், கீழே இழுத்தால் அதே அளவு இறக்கம். அடியில் 31.5, 63, 125, 250, 500 என்று தொடங்கி 16,000 ஹெர்ட்ஸ் வரை எண்கள் அச்சிட்டிருக்கும். இருபதையும் வேண்டிய உயரத்தில் நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், குமிழ்கள் சேர்ந்து ஒரு வளைகோடாகத் தெரியும்.

கருவியின் கவர்ச்சி அந்த வளைகோட்டில்தான் இருக்கிறது. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். பார்க்கிறவர் அதை ஒலியின் வரைபடமாகவே எடுத்துக்கொள்கிறார்: முகப்பில் என்ன தெரிகிறதோ அதுவே காதுக்கும் வருகிறது என்று நம்புகிறார். உண்மையில் அந்தக் கோடு, நாம் கருவியிடம் வைக்கும் விண்ணப்பம். அது ஸ்லைடருக்குப் பின்னால் உள்ள மின்சுற்று, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அறை, காது என்று ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டிப் போகவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அது கொஞ்சம் மாறுகிறது. எங்கே, எதனால் மாறுகிறது என்று தெரிந்தவர் கையில் இது அருமையான கருவி. அந்த விவரத்தைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்த எண்களைக் கவனிப்போம். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. இசை படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆணின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் அதன் இரட்டிப்பு, 262. அதிர்வெண் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறுகிறது. மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை. அதற்குள் பத்து ஸ்தாயிகள் அடங்கும். அதனால்தான் பத்து ஸ்லைடர். கடைசி இரண்டு ஸ்லைடர்களுக்கு இடையே 8,000 ஹெர்ட்ஸ் இடைவெளி, முதல் இரண்டுக்கு இடையே வெறும் 31.5. ஆனாலும் காதுக்கு இரண்டும் ஒரே தூரம்தான்.

இசையில் எந்தப் பகுதி எந்த ஸ்லைடரின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொள்வது பாதி வித்தை. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியை மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், 31.5க்கும் 63க்கும் நடுவே. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கும்காரமும் ஆண் குரலின் அடித்தளமும் 125ஐ ஒட்டி இருக்கின்றன. 250 மிகுந்தால் பாட்டு முழுக்க அமுங்கி, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1,000 மிகுந்தால் குரல் மூக்கால் பாடுவதாகத் தோன்றும். 2,000க்கும் 4,000க்கும் இடையில்தான் காது மிகக் கூர்மை. க், ட், த் போன்ற வல்லின மெய்களின் வெடிப்பு அங்கே தெளிவாகிறது. ‘ஸ்’ ஒலியின் சீறல் 8,000க்குப் பக்கம். கடைசி ஸ்லைடரான 16,000ஐ ஏற்றினாலும் இறக்கினாலும் வயதானவர்கள் பலருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த எல்லையில் செவித்திறன் வயதோடு முதலில் போய்விடுகிறது.

இந்தக் கருவி வீட்டு வரவேற்பறைக்காகப் பிறந்தது இல்லை. நீண்ட தொலைபேசிக் கம்பியில் பேச்சு போகும்போது உயர் அதிர்வெண்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். தேய்ந்ததை ஈடுகட்ட மறுமுனையில் திருத்தச் சுற்றுகளைச் சேர்த்தார்கள். சினிமாவுக்கு ஒலி வந்தபோது அதே யுக்தி ஹாலிவுட்டுக்குப் போனது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு தளத்தில், வெவ்வேறு மைக்கில் பதிவான வசனங்கள் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வரும்போது ஒட்டவேண்டுமே! அங்கே ஆர்ட் டேவிஸ் என்ற பொறியாளர் சினிமா இன்ஜினியரிங் நிறுவனத்துக்காக 7080 என்ற மாதிரியை உருவாக்கினார். ஆறு பேண்டுகள், ஒவ்வொன்றும் 8 டெசிபல் வரை, ஒரு டெசிபல் படிகளில் நகரும் ஸ்லைடு சுவிட்சுகள். கிராஃபிக் ஈக்வலைசரின் முகம் அதில் முழுதாகவே வந்துவிட்டது. பிறகு ஆல்டெக் லான்சிங்குக்காக அவரே 9062ஏ செய்தார். 1967இல் அதே நிறுவனத்தின் ‘அகூஸ்டா-வாய்ஸ்’ அமைப்பு ஒரு ஸ்தாயியை மூன்றாக நறுக்கித் திருத்தும் அளவுக்கு நுணுகியது.

இதற்கு நடுவில் டெக்சாஸில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். டல்லாஸ் நகரின் லவ் ஃபீல்டு விமான நிலையத்தில் அறிவிப்புகள் எதிரொலியில் கரைந்து புரியாமல் போயின. வேய்ன் ரட்மோஸ் என்ற ஒலியியலாளர் அங்கே ஒலிபெருக்கிகளையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்த்து, அந்த இடத்தில் எந்த அதிர்வெண்கள் மிகுகின்றன என்று அளந்து அவற்றைக் குறைத்தார். இன்னொரு ஒலியியலாளரான சி.பி. போனர் 1960களில் அதே வழியில் இன்னும் தூரம் போனார்: அரங்கில் ஒலிபெருக்கி ஊளையிடும் அதிர்வெண்ணை மட்டும் மிகக் குறுகலாக வெட்டி எடுத்தார். இருவரும் செய்தது குறைப்பு வேலை. இடம் எதை மிகைப்படுத்துகிறதோ அதைக் கழிப்பது. வீட்டுக்கு வந்த ஈக்வலைசர் இந்தப் பழக்கத்தைத் தன்னோடு கொண்டுவரவில்லை என்பது என் வருத்தம்.

வீட்டு ஆம்ப்ளிஃபயரில் அதுவரை இருந்தவை இரண்டு குமிழ்கள்: பாஸ், ட்ரெபிள். 1952இல் பீட்டர் பாக்ஸண்டால் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட சுற்று உலகம் முழுக்க அந்த இரு குமிழ்களுக்கும் அடிப்படையாகிவிட்டது, இன்றும் அதுதான். மிக நேர்த்தியான சுற்று. ஆனால் அதன் பாஸ் குமிழை ஏற்றினால் 40, 80, 160 எல்லாம் சேர்ந்தே ஏறும். 125இல் மட்டும் அறை அதிர்ந்தால் அதை மட்டும் தொட வழி இல்லை. ஜப்பானின் ஜேவிசி 1960களின் பிற்பகுதியில் எஸ்இஏ என்ற பெயரில் ஐந்து பேண்ட் திருத்தியைத் தன் ஆம்ப்ளிஃபயர்களுக்குள்ளேயே வைத்து விற்றது. 1970களில் கலிபோர்னியாவின் சவுண்ட்கிராஃப்ட்ஸ்மென் தனிப் பெட்டியாகப் பத்து பேண்ட் கருவியைத் தந்தபோது கூடவே ஒரு சோதனை இசைத்தட்டையும் தந்தது; அதைச் சுழலவிட்டு ஒவ்வொரு பேண்டும் சம அளவில் கேட்கிறதா என்று காதாலேயே சரிபார்க்கலாம். நல்ல வழக்கம் அது. பின்னால் பயனியர், டெக்னிக்ஸ், சான்சுயி, யமஹா, கென்வுட், ஏடிசி என்று எல்லோரும் வரிசை கட்டினார்கள். டெக்னிக்ஸின் எஸ்எச்-8065இல் சேனலுக்கு 33 ஸ்லைடர்கள்.

மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்ப்போம். இங்கே கொஞ்சம் நிதானித்தால் பின்னால் வருவது எல்லாம் எளிதாகும்.

ஒரு காயிலையும் ஒரு கண்டன்சரையும் அடுத்தடுத்துத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். பாடநூல் மின்தூண்டி, மின்தேக்கி என்று சொல்வது இவற்றைத்தான். காயில் உயர் அதிர்வெண்களை எதிர்க்கும்; கண்டன்சர் தாழ் அதிர்வெண்களை எதிர்க்கும். இடையில் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் இரண்டின் எதிர்ப்பும் சம அளவாகி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் வழி திறக்கிறது. மற்றவற்றுக்கு மூடியே இருக்கிறது. இதுவே ஒத்ததிர்வு. ஒவ்வொரு ஸ்லைடருக்குப் பின்னாலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. ஜோடியின் ஒரு முனை ஸ்லைடரின் நகரும் கால்மீதும் மறுமுனை தரையிணைப்பிலும் இருக்கும்.

இனி ஸ்லைடர். அது மூன்று கால்கள் கொண்ட ஒரு மின்தடை. இரு ஓரக் கால்களும் ஒரே ஆப்-ஆம்பின் (செயல்பாட்டுப் பெருக்கி) இரண்டு உள்ளீடுகளுக்குப் போகின்றன. ஒரு பக்கம் வரும் இசை; மறுபக்கம் எதிர்ப் பின்னூட்டம், அதாவது வெளியீட்டில் ஒரு பங்கு திரும்பி வந்து ‘இவ்வளவு போதும்’ என்று ஆப்-ஆம்பை அடக்கும் வழி. 1,000 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை இசைப் பக்கமாகத் தள்ளினால், 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஆப்-ஆம்புக்குள் நுழையும் முன்பே காயில்-கண்டன்சர் வழியாகத் தரைக்கு ஒழுகிவிடும்: குறைப்பு. பின்னூட்டப் பக்கமாகத் தள்ளினால், 1,000 ஹெர்ட்ஸுக்கான அடக்கும் குரல் தரைக்கு ஒழுகிவிடும். தடுக்க ஆள் இல்லாததால் அந்த அதிர்வெண்ணை ஆப்-ஆம்ப் பெருக்கித் தள்ளும்: ஏற்றம். சரியாக நடுவில் இரு பக்கமும் சம அளவு ஒழுகுவதால் விளைவு பூஜ்யம். ஒரே பொருள், ஒரே பாதை. இடம் மாறினால் வேலை தலைகீழ்.

பத்து ஸ்லைடர்களும் அதே ஒரு ஆப்-ஆம்பைச் சுற்றி இணையாகத் தொங்குகின்றன. இந்தச் சிக்கனம் பார்க்கப் பார்க்க அழகு. இசை பத்து வடிகட்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை; அது கடக்கும் படி ஒன்றே. எல்லா ஸ்லைடர்களும் நடுவில் இருந்தால் வடிகட்டிகள் ஏறத்தாழ இல்லாதது போலத்தான்.

தொல்லை தந்தது காயில். 31.5 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 5 ஹென்றி காயில் வேண்டும். அது பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பி. எடை, விலை இரண்டும் அதிகம். போதாததற்கு, பக்கத்தில் இருக்கும் மின்மாற்றியின் காந்தப்புலத்தை அது பிடித்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகும். அந்த முனகல் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். ஈக்வலைசரின் இரண்டாம் ஸ்லைடருக்கு நேர் கீழே. பலமான தாழ்சுரம் வந்தால் காயிலின் உள்ளகம் காந்தத்தால் தெவிட்டி ஒலி சிதையும்.

தீர்வு ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. 1948இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பெர்னார்ட் டெலகன் ‘கைரேட்டர்’ என்ற கருத்தை முன்வைத்திருந்தார். ஒரு கண்டன்சரின் நடத்தையைப் புரட்டிப்போட்டுக் காயிலாக நடிக்கவைக்கும் சுற்று அது. கண்டன்சரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு முந்தும், காயிலில் பிந்தும். ஆப்-ஆம்ப் ஒன்றும் மின்தடை இரண்டும் சேர்ந்தால் முந்துவதைப் பிந்த வைக்கலாம். கணக்கும் எளிது: இரண்டு மின்தடைகளையும் கண்டன்சரையும் பெருக்கினால் காயிலின் மதிப்பு. 470 ஓம், 1,00,000 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 4.7 ஹென்றி. இதனோடு 4.7 மைக்ரோஃபாரட் கண்டன்சரைத் தொடராகச் சேர்த்தால் ஒத்ததிர்வு சுமார் 34 ஹெர்ட்ஸில் விழுகிறது. உள்ளங்கை நிறையும் காயில் போய், அரிசி அளவு உறுப்புகள் நான்கைந்து வந்தன. முனகலும் தெவிட்டலும் போயின. மலிவான 4558 ஐசியின் எட்டுக் கால்களுக்குள் இரண்டு ஆப்-ஆம்புகள். 1970களின் இறுதியில் ஈக்வலைசர் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்ததற்கு இந்த எட்டுக்கால் பூச்சியே பெரிய காரணம்.

சுற்று புரிந்துவிட்டது, இனி முகப்பின் வளைகோட்டுக்கு வரலாம். ஒரு ஸ்லைடரை ஏற்றினால் அந்த எண்ணில் மட்டும் ஊசி குத்தியதுபோல் ஏறுவதில்லை. இரு பக்கமும் சரிந்து இறங்கும் ஒரு மேடு உருவாகிறது. 1,000ஐ ஏற்றினால் 700ம் 1,400ம் சேர்ந்தே ஏறும். அந்த மேட்டின் அகலமும் நிலையானது இல்லை. ஸ்லைடரைக் கொஞ்சமாக நகர்த்தினால் அகலமான, தாழ்ந்த மேடு. முழுக்கத் தள்ளினால் குறுகிய சிகரம். கைரேட்டர், காயில் இரண்டு வகையிலும் இதுதான் நடக்கும். ஸ்லைடர்களை ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று வாள்பற்கள் மாதிரி வைத்துப் பார்த்தால் முகப்பில் பெரிய மேடு பள்ளங்கள் தெரியும். ஆனால் அண்டை ஸ்லைடர்கள் ஒன்றின் வேலையை ஒன்று தின்றுவிடுவதால் உண்மையான வளைவு அதைவிட எவ்வளவோ சமதளமாக இருக்கும். பத்தையும் உச்சிக்கு ஏற்றினாலோ, கிடைப்பது கொஞ்சம் நெளிந்த ஒரு வால்யூம் கட்டுப்பாடு. 1980களில் ரேன் நிறுவனத்தின் டென்னிஸ் போன், எந்த உயரத்திலும் மேட்டின் அகலம் மாறாத வடிவமைப்பை முன்வைத்தார். மேடைக் கச்சேரி ஒலிக்காரர்கள் அதை வரவேற்றார்கள். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் பழைய வழியிலேயே தொடர்ந்தன. வீட்டில் கேட்க அதுவே இதமானது என்பது என் கருத்து. சிறு திருத்தம் அகலமாக இருந்தால் காதில் உறுத்தாது.

மேடுகளோடு அலையின் கட்டமும் (ஃபேஸ்) மாறுகிறது. உயர்த்திய அதிர்வெண்ணை ஒட்டி அலைகள் சற்று முந்தியும் பிந்தியும் வரும். இதைச் சொல்லித்தான் ஈக்வலைசரை ஒதுக்கினார்கள் பலர். ஆனால் ஸ்பீக்கரிலோ அறையிலோ இயற்கையாக உண்டாகும் ஒத்ததிர்வு மேடும் அதே வகைக் கட்ட மாற்றத்தோடுதான் வருகிறது. அதே அதிர்வெண்ணில், அதே அகலத்தில் ஒரு பள்ளத்தை வைத்தால் அளவோடு கட்டமும் சேர்ந்தே நேராகிவிடும். சரியான இடத்தில் பயன்படுத்தினால் குற்றம் என்று சொன்ன குணமே மருந்தாகிறது.

ஸ்லைடர்களில் மிகப் பிரபலமான வடிவம் புன்னகை: இரு ஓரங்களும் மேலே, நடு கீழே. ரசனை இல்லாதவர்களின் அடையாளம் என்று இதை இளக்காரமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும், காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே கண்ணோட்டத்தில் நடத்துவதில்லை என்று அளந்து காட்டினார்கள். இன்றைய பன்னாட்டுத் தரத்தின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு உரத்துக் கேட்கிறதோ அவ்வளவு உரத்து 63 ஹெர்ட்ஸ் கேட்கச் சுமார் 73 டெசிபல் தேவை. உரக்க வைத்துக் கேட்கும்போது இந்த வேறுபாடு சுருங்கிவிடும். அதாவது, பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தராமல் இரவில் மெதுவாகக் கேட்கிறவருக்கு பாஸ் உண்மையாகவே காணாமல் போகிறது. அதை ஈடுகட்ட அவர் ஓரத்தை ஏற்றினால் அது காதின் இயற்பியலுக்குச் செய்யும் மரியாதை. வால்யூமைக் கூட்டும்போது அதே ஏற்றத்தை இறக்க மறப்பதுதான் தவறு.

அந்த மறதிக்கு விலை உண்டு. 12 டெசிபல் என்றால் மின்திறனில் 16 மடங்கு. தாழ்சுரத்தில் 5 வாட் போய்க்கொண்டிருந்த இடத்தில் இப்போது 80 வாட் வேண்டும். 40 வாட் ஆம்ப்ளிஃபயர் அதைத் தர முடியாமல் அலையின் தலையை வெட்டிவிடும். ஸ்பீக்கர் கூம்புக்கும் இதே கதி: ஒரே அளவு ஒலிக்கு, அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடவேண்டும். சின்னஞ்சிறு பெட்டியில் 31.5 ஸ்லைடரை உச்சியில் வைத்தால் பாஸ் கூடாது. கூம்பு படபடக்கும், வாய்ஸ் காயில் சூடேறும், மேலே பாடும் குரலும் நடுங்கும். பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களோடு அந்த முதல் ஸ்லைடரைப் பூஜ்யத்திலோ அதற்குக் கீழோ வைப்பதே நல்லது.

அறையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 5 மீட்டர் நீள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 34 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை எழும், 3.5 மீட்டர் அகலத்துக்கு 49 ஹெர்ட்ஸ். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் கும்மென்று கேட்கும். அறையின் நட்டநடுவில் அது ஏறத்தாழ மறைந்தேவிடும். மிகுந்து கேட்கும் இடத்தில் இருப்பவர் ஸ்லைடரைக் குறைத்தால் நன்மை உண்டு. மறையும் இடத்தில் உட்கார்ந்து ஏற்றுவதோ ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்: நேராக வரும் அலையோடு சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அதே விகிதத்தில் கூடி இரண்டும் முன்போலவே அழிந்துபோகும். ஆம்ப்ளிஃபயரின் திறன்தான் வீணாகும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்துவது எந்த ஸ்லைடரையும்விட அங்கே அதிகம் சாதிக்கும்.

இந்தச் சிக்கலைக் கருவியே கண்டுபிடித்துத் தீர்க்கட்டும் என்று சில நிறுவனங்கள் முனைந்தன. ஆடியோகண்ட்ரோலின் சி-101 ஒரு மைக்கோடு வந்தது. ஒவ்வொரு ஸ்தாயியிலும் சம ஆற்றல் கொண்ட ‘பிங்க் நாய்ஸ்’ இரைச்சலை ஸ்பீக்கர் வழியே விட்டு, அறை அதை எப்படித் திருப்பித் தருகிறது என்று எல்இடி தூண்களில் காட்டும். சான்சுயி எஸ்இ-9 இன்னும் ஒரு படி மேலே: மைக் அளந்து சொல்ல, மோட்டார்கள் ஸ்லைடர்களைத் தாமாகவே நகர்த்தும். யாரும் தொடாமல் குமிழ்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து தம் இடத்தைத் தேடி நிற்பது 1980களின் மின்னணுவியல் தந்த அற்புதக் காட்சிகளில் ஒன்று. எனினும் மைக் அளப்பது ஒரே ஒரு புள்ளியை. நிலை அலை அரை மீட்டரில் வேறாகிவிடும். உட்காரும் இடத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து சராசரி எடுத்தவர்களுக்கே அந்த வசதி உதவியது.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இந்த ஸ்லைடர்களை முதலில் தொட்டது தனிப் பெட்டியில் இல்லை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன் செட்டுகளிலும் பர்மா பஜார் சரக்குகளிலும் ஐந்து ஸ்லைடர்கள் இருந்தன. சான்யோவின் எல்ஏ3600, ரோமின் பிஏ3812 போன்ற ஐசிக்கள் ஐந்து பேண்டுக்கான வேலையை ஒரே சில்லில் அடக்கியதால் அது முடிந்தது. கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்களிலும் ஈக்வலைசர் ஒரு முக்கியப் பொருள்; இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்குப் போகும் வழியில் பாஸும் ட்ரெபிளும் ஏற்றப்பட்டன. இங்கே ஒரு பௌதிகத் தடை இருக்கிறது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் கேசட் டேப்பில் உயர் அதிர்வெண்களுக்கு இடம் குறைவு. 10,000 ஹெர்ட்ஸை அளவுக்குமேல் ஏற்றிப் பதிந்தால் டேப் தெவிட்டிவிடும்; ஏற்றியது பதியாது, பதிந்ததும் கரகரக்கும். ஏற்றத்தைக் கேட்கும்போது செய்துகொள்வதே மேல். அங்கே டேப்பின் இரைச்சலும் சேர்ந்து ஏறும் என்றாலும் பாட்டு கெடாமல் இருக்கும்.

1980களில் இன்னொரு பக்கம் எதிர்க்காற்று வீசியது. டோன் குமிழே இல்லாத ஆம்ப்ளிஃபயர்தான் தூய்மையானது, பதிவில் இருப்பதை அப்படியே கேட்கவேண்டும் என்றார்கள். அந்த வாதத்தில் ஒரு பகுதி நியாயம். மலிவான ஈக்வலைசரில் இரைச்சல் உண்டு; இடது வலது உறுப்புகளின் மதிப்பு சில சதவீதம் வேறுபட்டால் இரண்டு சேனல்களின் வளைவும் பிசகி, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கம் சாய்வார். ஆனால் திருத்தப்படாத பதிவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1954இல் வகுத்த வளைவின்படி ஒவ்வொரு இசைத்தட்டிலும் பாஸ் குறைத்தும் ட்ரெபிள் ஏற்றியும் வெட்டப்படுகிறது. வீட்டு ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ பகுதி 20 ஹெர்ட்ஸை சுமார் 19 டெசிபல் ஏற்றியும் 20,000ஐ ஏறத்தாழ அதே அளவு இறக்கியும் அதைத் திரும்ப நேராக்குகிறது. தூய்மை கோருகிறவர் கேட்கும் ஒவ்வொரு தட்டும் இந்தப் பயணத்தை முடித்துவிட்டுத்தான் வருகிறது.

பழைய ஈக்வலைசர் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் ஸ்லைடர்களைக் கவனிக்கவேண்டும். கார்பன் தடத்தில் தூசு படிந்திருந்தால் நகர்த்தும்போது கரகரவென்று சத்தம் வரும், சில நேரம் ஒரு சேனலே விட்டுவிட்டுக் கேட்கும். கான்டாக்ட் கிளீனரைக் காடிக்குள் கொஞ்சமாக அடித்து, ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்கும் பலமுறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் பத்தாண்டுகளில் உள்ளே வறண்டுபோகும். பாஸ் பேண்டுகளில் அவை இருப்பதால் 31.5, 63 ஸ்லைடர்கள் வேலை செய்வதே தெரியாமல் போகலாம். மாற்றுவது செலவு குறைந்த வேலை. இணைப்பை ஆம்ப்ளிஃபயரின் டேப் மானிட்டர் வழியாகக் கொடுப்பது அந்தக் காலத்து முறை. இன்றும் அதுவே சுலபம்.

பிறகு எல்லா ஸ்லைடர்களையும் நடுவில் வைத்து, நன்றாகப் பழகிய ஒரு பாட்டை மிதமான வால்யூமில் ஓடவிடவேண்டும். ஏதோ ஒன்று உறுத்துகிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்றால், ஒரு ஸ்லைடரை மட்டும் 6 டெசிபல் ஏற்றிக் கேட்டுவிட்டுத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து அடுத்ததற்குப் போகலாம். எந்த ஸ்லைடரை ஏற்றும்போது உறுத்தல் சகிக்க முடியாத அளவு பெருகுகிறதோ, அதுதான் குறைக்கவேண்டிய இடம். அதை 2 அல்லது 3 டெசிபல் இறக்கினாலே பெரும்பாலும் போதும். ரட்மோஸ் விமான நிலையத்தில் செய்ததன் சிறு வடிவம் இது. சில வாரம் இப்படிப் பழகினால், பாட்டைக் கேட்டதுமே 250 மிகுந்திருக்கிறது, 4,000 குறைவு என்று காது தானாகவே சொல்லத் தொடங்கும். பழைய அனலாக் ஈக்வலைசர் ஒன்றை நான் யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பது இந்தப் பயிற்சிக்காகத்தான். திரையில் எண்ணைத் தட்டுவதைவிட, விரல் நகரும் அதே நொடியில் ஒலி மாறுவதைக் கேட்டால் மனதில் வேகமாகப் பதிகிறது.

கடைசியாக, திருத்தம் உண்மையிலேயே பயன் தந்ததா என்று பார்க்க முகப்பில் இருக்கும் பைபாஸ் பொத்தானைப் பயன்படுத்தவேண்டும். அதற்கு முன் இரண்டு நிலைகளிலும் ஒலி ஒரே உரப்பில் கேட்கும்படி ஈக்வலைசரின் அளவுக் குமிழைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாகக் கேட்டாலும் காது அதையே நல்ல ஒலி என்று தேர்ந்தெடுத்துவிடும். உரப்பைச் சமமாக்கிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரை அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள்.